சகலையின் டிரில் பேட்டரி

தெருவில் அவரைக் காயில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார். எந்தச் சாமானாக இருந்தாலும் சட்டைப்பையிலிருந்து வோல்ட் மீட்டரை எடுத்து, இரண்டு ஊசியையும் வைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

அவர் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதிக் கொடுப்பவள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய கம்ப்யூட்டரில்தான் அடிப்பாள். அந்தக் கீபோர்டு தடதடத்தால்தான் அவளுக்கு வசனம் வரும்.

அதன் பவர் பாக்ஸ் ஒருநாள் புகைந்து அடங்கியது. காயில்காரர் நாலு மாசம் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது இனிமே ஓடாது" என்று தீர்ப்புச் சொன்னார். அவள் அதை ஆட்டோவில் ஏற்றி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அக்கா கணவர் தச்சர். கருகிய பாக்ஸைக் கழற்றி வீசிவிட்டு, டிரில் மெஷினுக்குப் போடும் சார்ஜ் பேட்டரியை மாட்டினார். காருக்கான சின்னத் திரை ஒன்றையும் சேர்த்தார். கம்ப்யூட்டர் ஓடிவிட்டது.

அன்றிலிருந்து காயில்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"மரம் அறுக்கிற மனுஷன். வோல்ட்டுன்னா என்னன்னு தெரியுமா அவருக்கு?"

"தெரிஞ்சவங்க நாலு மாசம் என்ன கிழிச்சீங்களாம்?" என்றாள் அவள். ஞாயிறு தவறாமல் அத்தானின் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். அவள் அங்கே சிரிக்கிற சிரிப்பைப் போனில் கேட்டபோதே அவர் வயிறு எரிந்தது.

மூன்றாம் ஞாயிறு மத்தியானம் அவரும் அங்கே போனார். மரத்தூளுக்கு நடுவில் அவள் நாடகத்தின் கடைசிக் காட்சியை அடித்துக்கொண்டிருந்தாள். தச்சர் கதவுக்கு இழைப்புளி ஓட்டிக்கொண்டே, "வாங்க சகலை! ஓடாததைப் பார்க்க வந்தீங்களா?" என்றார்.

காயில்காரரின் கை தானாக மீட்டரை எடுத்தது. பேட்டரியில் ஊசியை வைத்தார். பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டியது. பத்தே முக்கால். இன்னும் பத்து நிமிஷம் தாங்கினால் அதிகம். காலையிலிருந்து அடித்ததை அவள் ஒருமுறைகூடச் சேமித்திருக்க மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். வேகம் பிடித்தால் அவள் நிறுத்தவே மாட்டாள்.

வயரைச் சுருட்டி மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சகலையின் முகம் சுருங்குவதை ஒருதடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் திரை அணைந்தது.

தச்சர் முகம் சுருங்கவில்லை. "அட, தீர்ந்துபோச்சா? இன்னொண்ணு சார்ஜ்ல இருக்கு" என்று எழுந்து போனார். அவள்தான் கீபோர்டில் வைத்த விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று பக்கம் போய்விட்டது.

"மீட்டர் வச்சுப் பார்த்தீங்கல்ல?"

அவர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"எவ்வளவு காட்டுச்சு?"

"...பத்தே முக்கால்."

அவள் சண்டை போடவில்லை. அத்தானிடமும் சொல்லவில்லை. புதுப் பேட்டரியை மாட்டியதும் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. ஊசியை எடுக்கக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எனக்குச் சொல்லணும்."

உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்து மறுபடி தடதடப்பு தொடங்கியது.

"பன்னெண்டு புள்ளி மூணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பன்னெண்டு. இப்ப சேவ் பண்ணிடு."

தச்சர் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன சகலை, ஓடுமா?"

காயில்காரர் எரிச்சலோடு மீட்டரையே பார்த்தார்.

"ஓடும்."