ஏழாம் நம்பர் வீட்டின் நாற்பத்தொரு பேர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. செக்ரோலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் சோறு இறங்காது. செக்ரோல் என்றால் தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் புத்தகம். பெயர், வயது, அடையாள அட்டை நம்பர், சேர்ந்த தேதி, லயன் நம்பர், வீட்டு நம்பர் என்று கட்டம் கட்டமாகப் போகும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து அந்தக் கட்டங்களை நிரப்பியவன் நான். சுப்பிரமணியம் என்று பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை, கிராணியார்தான். என் வியாதியால் வேலம்மாவுக்கு நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன். நல்லது செய்தாயா கெட்டது செய்தாயா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

வேலம்மா நாற்பத்தாறாம் வருஷம் பதினேழு வயதில் கொழுந்து எடுக்க வந்தவள். புருஷன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். செத்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகளை ஈப்போவில் கட்டிக் கொடுத்திருந்தாள். நாலாவது லயனில், அதாவது நாலாவது வரிசைக் குடியிருப்பில், கடைசி வீடு, ஏழாம் நம்பர், அவளுடையது. அவளுடையது என்று வாய்தான் சொல்லும். ஐம்பத்தைந்து வயதானால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். வீட்டில் செக்ரோலில் பெயர் உள்ள ஆள் வேறு யாரும் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அதுதான் சட்டம். எண்பத்து நாலில் அவளுக்கு ஐம்பத்தைந்து.

"மருமகன் வீட்டுல அவங்களே காலை மடக்கித்தான் படுக்கறாங்க. நான் போயி எங்க பாய விரிக்கறது, கிராணியாரே?" என்று என்னைக் கேட்டாள். வயது என்ற கட்டத்தை நிரப்பியவனே நான்தான்.

அந்த நேரத்தில்தான் விஜயன் துரை வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனாலும் மேனேஜரைத் துரை என்றுதான் கூப்பிடுவோம். இவர் கோலாலம்பூர்ப் பையன், முப்பத்தைந்து வயது. நியூசிலாந்துக்கு ஒருமுறை போனாராம். அங்கே பட்டணத்து ஆட்கள் காசு கொடுத்து மாட்டுப் பண்ணையில் படுத்து எழுந்து போவதைப் பார்த்தாராம். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. பட்டணத்து ஆட்கள் இங்கே வரவேண்டும், லயன் வீட்டில் இரண்டு நாள் தங்கவேண்டும், கொழுந்து கிள்ள வேண்டும், பால் கறக்க வேண்டும், முட்டைக்கோஸ் நாற்று நடவேண்டும், சாணி மெழுக வேண்டும். இதற்கெல்லாம் அவர்கள் காசு தருவார்கள் என்று அவர் சொன்னபோது, துரைக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தேன்.

ஏழாம் நம்பரைத் தேர்ந்தெடுத்தார். கடைசி வீடு, ஜன்னலைத் திறந்தால் மலைச்சரிவு முழுக்கப் பச்சை. பின்கட்டில் வேலம்மாவின் பசு மாடு வேறு நின்றது. முன்னறை விருந்தாளிகளுக்கு, சமையலறை வேலம்மாவுக்கு.

"இது நல்லா ஓடிருச்சுன்னா, ரிட்டயர் ஆனாலும் நீங்க இங்கயே இருக்கலாம்மா," என்றார் துரை.

அந்த ஒரு பேச்சை வேலம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதல் தடவை வந்த குடும்பம் வாசலில் நின்றபடியே முகம் சுளித்தது. "லைட் எல்லாம் இருக்கே?" லயனுக்குக் கரண்டு வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. மாரியம்மன் திருவிழா மாதிரி கொண்டாடினோம், வேலம்மா தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தாள். மறுநாளே துரை ஆள் அனுப்பி பல்பைக் கழற்றி, மண்ணெண்ணெய் விளக்கு வைத்தார். அடுத்து வந்தவர்களுக்குச் சிமெண்டுத் தரை பிடிக்கவில்லை. அதன்மேல் சாணி மெழுகினார்கள். அதற்கடுத்தவர்களுக்குத் தண்ணீர்க் குழாய் உறுத்தியது; கோணிச்சாக்கைச் சுற்றி மறைத்துவிட்டு, ஓடையில் மொண்டு வரச் சொன்னார்கள். வேலம்மாவின் டிவியைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த வீடு பத்து வருஷம் பின்னால் போனது. அவளும் சேர்ந்து போனாள், வேறு வழி?

கடைசியாகக் கூடை வந்தது. எங்கள் தோட்டத்தில் கையால் கிள்ளுவது நின்றுபோய்க் கத்தரி வந்துவிட்டது. பெண்பிள்ளைகள் எல்லாரும் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கத்தரியால் வெட்டித் தள்ளுகிறார்கள். துரைக்கோ படத்தில் வருகிற மாதிரி வேண்டும்: சேலை, முதுகில் கூடை, விரலால் கிள்ளுவது. வேலம்மாவின் பழைய கூடையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை விரட்டிவிட்டுச் சோப்பு போட்டுக் கழுவினாள்.

"இந்தக் கூடைய தூக்கித் தூக்கித்தான் என் முதுகே போச்சு. கத்தரி வந்தன்னிக்கிச் சாமிக்குத் தேங்கா ஒடச்சேன். மறுபடி தூக்கச் சொல்றாரே!"

"ரெண்டு நாள்தானே, வேலம்மா."

"ஆமாலா. அவங்களுக்கு ரெண்டு நாள்."

கழுவிய கூடையை வாசலில் கவிழ்த்துக் காயவைத்தாள்.

இப்போது என் வியாதிக்கு வருகிறேன். விருந்தாளிகள் காலைப் பெரட்டுக்கும் வரவேண்டும் என்றார் துரை. பெரட்டு என்றால் விடிகாலையில் ஆபீஸ் முன்னால் எல்லாரும் வரிசையாக நிற்க, கிராணி பெயர் கூப்பிடுவது. "அவங்க பேரையும் கூப்பிடுங்க கிராணியாரே, சும்மா ஒரு குஷிக்கு. ஒரு புஸ்தகத்துல எழுதிக்குங்க." புதுப் புத்தகம் வேண்டுமென்றால் தலைமை ஆபீசுக்கு எழுதிப் போட்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் நடப்பு செக்ரோலின் கடைசிப் பக்கங்களிலேயே எழுதினேன். பெயர் எழுதினேன், வயது எழுதினேன், வந்த தேதியும் அடையாள அட்டை நம்பரும்கூடக் கேட்டு எழுதினேன். லயன் நம்பர், வீட்டு நம்பர் இரண்டு கட்டமும் காலியாக என்னைப் பார்த்தன. கை அரித்தது. நாலு, ஏழு என்று நிரப்பினேன். துரை மாதாமாதம் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் உள்ளவர். அந்தப் பக்கங்களிலும் போட்டார்.

ஒரு வருஷத்தில் நாற்பத்தொரு பேர். தாப்பா ரோட்டின் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேருவார்கள். "நாலாவது லயன், ஏழாம் நம்பர்!" என்று நான் கூப்பிட்டதும் கைதட்டிச் சிரிப்பார்கள். பல் டாக்டர் ஒருவரை மாடு உதைத்தது; அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாற்பத்தோராவது ஆள் அந்தப் பல் டாக்டரின் மனைவி, பெட்டாலிங் ஜெயா நீலாவதி. முப்பத்து நாலு வயது. நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் கொழுந்து கிள்ளத் தெரிந்தால்தானே? கைக்கு வந்ததையெல்லாம் பிய்த்துக் கூடையில் போட்டாள்.

"யம்மா, யம்மா! அது முத்தல். ஆடுகூடத் திங்காது. ரெண்டு எலை ஒரு மொட்டு, பாரு, இப்படி," என்று அதட்டினாள் வேலம்மா.

நீலாவதிக்குக் கோபமே வரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். "நீங்கல்லாம் குடுத்து வச்சவங்கம்மா. கரண்டு இல்ல, டிவி இல்ல, என்ன நிம்மதி! எனக்கு இங்கயே இருந்துடலாம் போல இருக்கு."

வேலம்மா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாம்மா. ரொம்ப நிம்மதி," என்றாள்.

சாயந்திரம் நீலாவதி குடும்பம் குளிர் தாங்காமல் பிரிஞ்சாங் டவுனுக்குக் காடியை ஓட்டிக்கொண்டு போய் ஓட்டலில், மேஜைமேலேயே கொதிக்கிற ஸ்டீம்போட் சூப் சாப்பிட்டுவிட்டு வந்தது. வேலம்மா புகையில் கண் எரியச் சமைத்த கோழிக்குழம்பு அப்படியே இருந்தது.

திட்டம் நன்றாக ஓடியது. நன்றாக ஓடியதுதான் வினை. எண்பத்தைந்து பிப்ரவரியில் தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. விருந்தாளிகளுக்கு முழு வீடும் தேவை. சமையலறையில் யாரோ இருமுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கிழவி ரிட்டயர் ஆன ஆள்தானே? துரை என்னை நோட்டீஸ் டைப் அடிக்கச் சொன்னார். 'ஏழாம் நம்பர் வீட்டில் வேலையாள் எவரும் இல்லாதபடியால்' என்று அடித்தேன். வெட்கம்கெட்ட விரல்கள், ஒரு எழுத்தும் பிசகவில்லை.

நானே கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். வேலம்மா சாணித் தரையில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தரம் படிங்க," என்றாள். படித்தேன்.

"வேலையாள் யாரும் இல்லியா? தெனம் பெரட்டுல நீங்கதானே கத்துனீங்க, நாலாவது லயன் ஏழாம் நம்பர்னு? ஒரு வருசமா எத்தன பேரு? எழுதுனீங்களா இல்லியா?"

"எழுதினேன்."

"பெறகென்ன? என் வீட்டு ஆளுங்க நாப்பத்தொரு பேரு இருக்காங்க. வாங்க துரைகிட்ட!"

துரை முதலில் சிரித்தார். "அது வெளையாட்டும்மா."

"பல்பக் கழட்டுனது வெளையாட்டா? தண்ணிக் கொழாய மூடுனது வெளையாட்டா? அப்ப அதையும் எழுதிக் குடுங்க, இங்க நடந்ததெல்லாம் நாடகம்னு. தோட்டத்து கேட்டுல ஒட்டிக்கறேன்."

துரை புத்தகத்தைப் புரட்டினார். நாலு, ஏழு. நாலு, ஏழு. பக்கத்துக்குப் பக்கம் அடியில் அவர் கையெழுத்து. அவர் முகம் சிவந்து போயிற்று. வேலம்மாவை வெளியே அனுப்பிவிட்டு என்மேல் பாய்ந்தார். "உங்களுக்கு அறிவு இருக்கா கிராணியாரே? காலியா விட்டா கையா ஒடஞ்சுடும்?" அப்புறம் கொஞ்சம் ஆறிக்கொண்டு கேட்டார், ஒரு பெயரை வெட்ட என்ன வழி? மூன்று நாள் தொடர்ந்து பெரட்டில் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் வெட்டலாம் என்றேன். "அப்ப நாளைக்கே கூப்பிடுங்க. எல்லா லயன்லயும் சொல்லிடுங்க, மூணு நாள்ல கணக்கு தீர்ந்துச்சுன்னு."

முதல் நாள் பனிமூட்டத்தில் நின்று நாற்பத்தொரு பெயரையும் கத்தினேன். டாக்டர், வக்கீல், சிங்கப்பூர் வாத்தியாரம்மா. வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாம் நாள் சிரிப்பு குறைந்தது; விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நாற்பது பெயரைக் கூப்பிட்டு நாற்பதையும் வெட்டினேன். சிவப்பு மை கையெல்லாம் ஒட்டியது. துரை ஆபீஸ் வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நாலாவது லயன், ஏழாம் நம்பர், நீலாவதி!"

"வந்துட்டேன்."

வரிசையின் கடைசியில் வேலம்மா நின்றிருந்தாள். கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், கையில் கத்தரி.

துரையைப் பார்த்தேன். நூறு பேர் அவரைப் பார்த்தார்கள். அந்த வாரக் கடைசியில் பத்திரிகைக்காரன் படம் எடுக்க வருவதாக இருந்தது. கூடை தூக்கவும் விரலால் கிள்ளவும் தெரிந்த ஆள் தோட்டத்தில் வேலம்மா ஒருத்திதான். அவர் ஒரு வாய் காப்பி குடித்தார்.

"சரி. புது ஆள்னு போட்டுக்குங்க. விருந்தாளிங்களுக்கு ஆறாம் நம்பரச் சுத்தம் பண்ணுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனார். புது ஆள் என்றால் சேர்ந்த தேதி இன்றைய தேதி. முப்பத்தெட்டு வருஷம் எங்கே போயிற்றென்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான்.

அப்புறம் வேலம்மாவிடம் தனியாகக் கேட்டேன், ஏன் அந்தப் பெயர் என்று. "அந்தம்மாதானே இங்கயே இருந்துடலாம்னுச்சு? இருக்கட்டும்," என்றாள். "வயசு எத்தன போட்ருக்கு?"

"முப்பத்து நாலு."

விரல் விட்டு எண்ணினாள். "அப்ப இன்னும் இருபத்தொரு வருசம் வீடு இருக்கு." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "இருபத்தொரு வருசம் வேலையும் இருக்கு," என்றாள். பல்பை அன்றைக்கே நான் போய் மாட்டிக் கொடுத்தேன். புது ஆளுக்கான வரியில் அடையாள அட்டை நம்பர் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். என் உத்தியோகத்தில் நான் காலியாக விட்ட ஒரே கட்டம் அது. அன்று சோறு நன்றாகவே இறங்கியது.

அதே வருஷக் கடைசியில் ஒருநாள், மழைக்காலம், தூக்கக் கலக்கத்தில் பெரட்டில் என் வாய் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. "ஏழாம் நம்பர், வேலம்மா!"

யாரும் பதில் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கத்தரியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு நேர் எதிரே, வாயை இறுக்கி மூடியபடி நின்றிருந்தாள். கண் மட்டும் என்னைத் திட்டியது. வாசலில் துரை நின்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன். "நீலாவதி."

"வந்துட்டேன்," என்றாள் வேலம்மா.