காயலில் விட்ட கொடுவா

விராலைப் பிடித்துப் பழகியவர்களைக் காயல் பக்கமே விடக் கூடாது. கோபத்தில் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் கோபத்தில்தான் சொல்கிறேன்.

விரால் ஒரு தனிப் பிறவி. குளத்தில் பிடித்து ஈரச் சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் போட்டு, வாசுதேவநல்லூரிலிருந்து தென்காசிக்குக் கொண்டுவந்தாலும் வாலை அடித்துக்கொண்டு கிடக்கும். அடுப்படியில் வைத்துத் தலையில் ஒன்று போட்டால்தான் அடங்கும். தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கத் தெரிந்த மீன் அது. எங்கள் பக்கத்து ஆண்கள் டவுசர் போட்ட காலத்திலிருந்து பார்த்து வளர்ந்தது அந்த விராலைத்தான். அதனால் உலகத்து மீன் எல்லாம் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவினால்தான் என் கொடுவா செத்தது.

என் கொடுவா என்று அழுத்தித்தான் சொல்கிறேன். ஊர் வாட்ஸப்பில் சுற்றிய வீடியோவில் அது வேறொருவர் மீன்.

நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரருடைய தம்பி, அதாவது என் கொழுந்தனார், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து குற்றாலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். எங்கள் குடும்பத்துக்குள் ராடும் ரீலும் கொண்டுவந்தவர் அவர்தான். சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பி, செங்கோட்டை தாண்டி மலை இறங்கி, கொல்லத்துக் காயலில் படகு பிடித்துத் தூண்டில் போடுவார்கள். கொடுவா கடல் மீன். உப்புத் தண்ணீர் ஏறும் காயலுக்குள்ளும் வந்துபோகும். கொடுவா பிடிப்பதுதான் இவர்களுக்குப் பெரிய கௌரவம்.

முதலில் என்னைக் கூட்டிப்போனது புளியோதரைத் தூக்குச்சட்டிக்குத் துணையாகத்தான். படகில் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு, "கடிச்சிருச்சு", "விட்டுருச்சு" என்று நான்கு ஆண்கள் பேசுவதைக் காலையிலிருந்து மத்தியானம் வரை கேட்பதற்கு ஒரு பொறுமை வேண்டும். எனக்கு அது இல்லை. ஒருநாள் என் வீட்டுக்காரர் டீ குடிக்கும்போது அவர் ராடை வாங்கி வீசிப் பார்த்தேன். அடுத்த மாதம் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டேன். "மதினி இனிமே பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைகளுக்குத் தூண்டில் போடுவாவ" என்று கொழுந்தனார் கேலி செய்தார். நானும் சிரித்தேன். அப்போது அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவரும் கொழுந்தனார்தான். யாருடைய தூண்டிலில் மாட்டுகிறதோ அந்த மீன் அவர்களுக்கு. கொண்டுபோவதா, தண்ணீரில் விடுவதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை அவர் பிடித்த மீனை "விட்டுருடா" என்று அண்ணன்காரர் சொல்லப்போக, "சட்டம்னா சட்டம்ணே" என்று முறைத்துக்கொண்டு மூன்று வாரம் பேசாமல் இருந்தார்.

போன வருஷம் சாரல் ஆரம்பித்த சமயம். மலையில் மேகம் இறங்கி, ஐந்தருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்தது. அந்தச் சனிக்கிழமை இரண்டு படகு எடுத்தோம். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும். இன்னொன்றில் கொழுந்தனாரும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும். எங்கள் படகுக்காரர் கொல்லத்துக்காரர். மலையாளத்தில் என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

உயிர் இறாலைக் கொக்கியில் கோத்து, ஒரு பழைய தூணுக்குப் பக்கத்தில் விட்டிருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று ராடு வளைந்த வளைப்பில் என் முழங்கை படகின் விளிம்பில் போய் இடித்தது. ரீல் கதறியது. கொஞ்ச தூரத்தில் தண்ணீர் உடைந்து, வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய உடம்பு மேலே எழும்பித் தலையை உதறிவிட்டு விழுந்தது.

"சேச்சீ, பதுக்கே! ஓடட்டே, ஓடட்டே!" என்று படகுக்காரர் கத்தினார். மெல்ல, ஓட விடு என்கிறார்.

ஓட விட்டேன். இழுத்தேன். மறுபடி ஓட விட்டேன். என் வீட்டுக்காரர், "இங்கன தா, ஒன்னால முடியாது" என்று கையை நீட்டினார். "தொட்டீங்கன்னா தண்ணிக்குள்ள தள்ளிருவேன்" என்றேன். கையை எடுத்துக்கொண்டார். கை இரண்டும் மரத்துப்போய், கடைசியில் அது படகோரம் வந்து சாய்ந்தது. ஒரு சின்னப் பிள்ளை அளவுக்கு இருந்தது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது.

"முட்டயுண்டு, சேச்சி" என்றார் படகுக்காரர்.

எனக்கும் தெரிந்தது. கொடுவாவில் சின்னதெல்லாம் ஆண். வளர்ந்து பெருத்த பிறகுதான் பெண்ணாக மாறும். ஆளை அசத்தும் அளவுக்குப் பெரிய கொடுவா என்றால் அநேகமாக அது தாய்தான். தூண்டில் வாங்கின புதிதில் படித்திருந்தேன். அதன் கண்ணைப் பார்த்தேன். என்ன ஒரு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. என் ஐம்பது வயசுக்குள் இப்படி ஒன்றை நானே தனியாகச் செய்ததில்லை. உடனே அதை விட்டுவிட வேண்டும் என்றும் தோன்றியது. வலையோடு தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொள்ளச் சொல்லி, கொக்கியைக் கழற்றக் குனிந்தேன்.

அதற்குள் கொழுந்தனார் படகு வந்து முட்டியது.

"மதினி, மதினி, விட்டுராதீங்க! வீடியோ எடுக்காண்டாமா?"

"செல்போன்ல எடுங்க தம்பி. சீக்கிரம். சினையா இருக்கு, இத விடணும்."

"விடுவோம், யாரு வேண்டாங்கா? நல்ல கேமரா வச்சிருக்கவன் கரையில டீ குடிச்சிட்டு இருக்கான். போயிக் கூட்டிட்டு வந்துருதேன். அது வரைக்கும் நம்ம பெட்டியில கெடக்கட்டும்."

பெட்டி என்றால் அவர் படகில் இருந்த ஐஸ் பெட்டி. அதில் இரண்டு வாளி காயல் தண்ணீரை ஊற்றி, வாலை மடக்கி, தாய் மீனை அதற்குள் திணித்தார்கள். நான் எழுந்து நின்று கத்தினேன். "தம்பி, அது மூச்சு முட்டிச் செத்துரும்!"

அவர் சிரித்தார். "விரால் சாக்குக்குள்ளயே அரை நாள் கெடக்குது. இதுக்குத் தண்ணியே ஊத்தியிருக்கு, இது கெடக்காதா?"

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, என் மீனுக்கு நான் சொல்வதுதானே சட்டம், நீங்களாவது வாயைத் திறங்கள் என்றுதான் பார்த்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "விடு, அவன் ஆசப்படுதான். இந்தா வந்துருவான்" என்றார். படகு கிளம்பிப் போயே போய்விட்டது.

அந்த "விடு" இருக்கிறதே, எங்கள் வீட்டில் இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி முடி நரைத்தது. கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் என்னைப் பந்தியில் உட்காரவிடாமல் பரிமாற வைத்தபோது "விடு". என் பேரில் இருந்த நகையைக் கேட்காமல் அடகு வைத்தபோது "விடு". விட வேண்டியவள் எப்போதும் நான்தான். அன்றைக்கு விட வேண்டியது ஒரு மீன். அதை மட்டும் யாருக்கும் விட முடியவில்லை.

வெகு நேரம் கழித்துத்தான் அந்தப் படகு திரும்பியது. எங்கள் பக்கம் வரவில்லை. வெளிச்சம் நன்றாக விழும் இடமாகப் பார்த்து நிறுத்தினார்கள். கொழுந்தனார் மீனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கேமராவைப் பார்த்துப் பேசுவது தெரிந்தது. பிறகு குனிந்து தண்ணீரில் விட்டார். கைதட்டல் கேட்டது. உடனே என்ஜினை முடுக்கிக் கரைக்குப் போய்விட்டார்கள்.

நான் படகை அந்த இடத்துக்கு விடச் சொன்னேன். "எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். போகும் வழியிலேயே வெள்ளையாக வயிறு தெரிந்தது. நீரோட்டத்தோடு மெதுவாகத் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது. மேலே ஒரு பருந்து வட்டமிட்டது.

"சத்து போயி, சேச்சி", செத்துப்போய்விட்டது என்றார் படகுக்காரர்.

நானே குனிந்து தூக்கினேன். செவுள் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. என் கொக்கி குத்திய ஓட்டை உதட்டில் அப்படியே இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். மீனுக்காக அழுகிறவளைப் பார்த்து என் வீட்டுக்காரர், "இத யாருட்டயும் சொல்லிக்கிட வேண்டாம், தம்பிக்கு அசிங்கமாப் போயிரும்" என்றார்.

சரி, சொல்லவில்லை. எங்கள் பெட்டியில் ஐஸ் போட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. "நண்பர்களே, இன்னைக்கு நான் பிடிச்ச ஆம்பளச் சிங்கத்தப் பாருங்க" என்று ஆரம்பித்தார் கொழுந்தனார். நான் பிடிச்ச! ஆம்பள! ஒரே மூச்சில் இரண்டு பொய். "திங்கதுக்காக நாம பிடிக்கல. உயிரோட விடுததுலதான் வீரம் இருக்கு" என்றார். பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல். நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். செவுள் அசையவே இல்லை. தண்ணீருக்குள் வைக்கும்போது தன் கையால் வாலைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டுகிறார். அது நீந்துகிறதாம். கையில் பிடித்திருக்கிற மனிதனுக்கு உயிர் இல்லாதது தெரியாதா? தெரிந்துதான் ஆட்டினார். கீழே கும்பிடும் கைகளாக வரிசையாக வந்து விழுந்தன. எங்கள் தலைமை ஆசிரியர்கூட ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

மீனை அறுத்தேன். உள்ளே சினை இரண்டு பக்கமும் மஞ்சளாக நிறைந்து கிடந்தது. சினையைப் பொரித்துக் கொடுத்தால் என் வீட்டுக்காரர் சட்டியோடு தின்பார். கொடுக்கவில்லை. கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்தேன். அவர் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாரல் காலத்து ஞாயிறு என்றால் சுரண்டையிலிருந்து கொழுந்தனாரின் மாமனார் வீட்டு ஆட்கள் அருவியில் குளிக்க வருவார்கள். மத்தியானம் கொழுந்தனார் வீட்டில் சாப்பாடு. மீன் குழம்பு மட்டும் எப்போதும் என் பொறுப்பு. தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்து, நடுத்துண்டுகளைப் பொரித்து, பெரிய தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். காரை நான் ஓட்டினேன், என் வீட்டுக்காரர் மடியில் அந்தச் சட்டி இருந்தது. ஆயிரப்பேரி விலக்கு வந்ததும் அவர், "வேண்டாம்லா" என்று மெல்லச் சொன்னார். "விடுங்க" என்றேன்.

அருவியில் நின்றுவிட்டு வந்தவர்களின் பசி சாதாரணப் பசி இல்லை. இலை போட்டதும் ஈரத் தலையோடு உட்கார்ந்துவிட்டார்கள். கொழுந்தனாரின் மாமனார் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எதையும் எடை போட்டே பேசுகிற பெரியவர். இரண்டு வாய் தின்றுவிட்டு மருமகன் பக்கம் திரும்பினார்.

"வீடியோவப் பாத்தேன் மாப்ள. அம்புட்டுப் பெரிய மீன விடதுக்கு ஒரு மனசு வேணும். எனக்கெல்லாம் வராது."

"அது ஒரு பழக்கந்தான் மாமா. உயிர மதிக்கணும்" என்றார் கொழுந்தனார், குழம்பில் கிடந்த துண்டைப் பிட்டுக்கொண்டே. "மதினி, இன்னைக்குக் குழம்பு பிரமாதம். இன்னொரு துண்டு போடுங்க."

போட்டேன்.

"என்ன மீனும்மா இது? மாவு கெணக்க இருக்கு. தென்காசி மார்க்கெட்டுல இப்படிக் கெடைக்காதே?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

"மார்க்கெட்டுல வாங்கல மாமா. நேத்து தம்பி காயல்ல விட்டாவல்லா, அந்த மீனுதான்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பெரியவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கொழுந்தனாரின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவர் மனைவி அப்பளத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றவள், "விட்ட மீனு எப்படிக்கா சட்டிக்குள்ள வந்துச்சு?" என்று கேட்டாள்.

"அத ஒன் வீட்டுக்காரர்ட்ட கேளு" என்றேன்.

"மதினி சும்மா வெளையாடுதாவ" என்றார் கொழுந்தனார்.

நான் சட்டியிலிருந்து தலையைக் கரண்டியால் எடுத்து அவர் இலையில் வைத்தேன். உதட்டு ஓட்டை மேலே தெரியும்படி வைத்தேன். எங்கள் வீடுகளில் மீன் தலை அந்த மீனைத் தூண்டிலில் பிடித்தவருக்குத்தான். அது அவருக்கும் தெரியும். தலையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். தொடவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் பேசினார். தலையைக் குனிந்துகொண்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "வெளையாட்டு இல்ல. பெட்டிக்குள்ள போட்டுச் செத்துப்போச்சு. அவ பிடிச்ச மீனு. அவ விடத்தான் சொன்னா."

சுரண்டைக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். என் பக்கம் நின்று முதல்தடவையாகப் பேசியிருக்கிறார் மனிதர், சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். ஊருக்குத் திரும்பும்போது அவரும் அப்படித்தான் நினைத்தார். பாட்டுப் போட்டுக்கொண்டு காரை ஓட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. இதே பேச்சை, இதே குரலில், முந்தின நாள் காலையில் படகில் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த மீன் இந்நேரம் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய் முட்டை போட்டிருக்கும். அவர் கேட்கவில்லை, நானும் இதுவரை சொல்லவில்லை. எழுதிவிட்டேன், படித்துக்கொள்ளட்டும்.