இடது பக்கம் ரேணு நின்றிருந்தாள்

போன தேர்தலுக்கு ஓட்டுப் போட மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வரிசை நீண்டு வளைந்து, கூடைப்பந்து மைதானத்தின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. காலை வெயிலிலேயே சிமென்ட் தரை சுட ஆரம்பித்திருந்தது. திறந்து கிடந்த விளையாட்டுச் சாமான் அறையிலிருந்து பந்துகளின் ரப்பர் வாடை வந்தது. எனக்கு முன்னால் நின்றவர் நகர்ந்து போய் வெகு நேரம் ஆகியும் நான் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறேன். பின்னால் இருந்தவர் தோளைத் தொட்டு, "பாயி சாஹப், ஆகே படியே" என்று முன்னால் நகரச் சொன்னார். நான் மைதானத்தின் இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு தண்ணீர்க் கேனும் இரண்டு போலீஸ்காரர்களும்தான்.

நான் கூடைப்பந்து ஆடினவன் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நாள் ஆடினேன். பந்து நேராக மூக்கில் வந்து விழுந்தது. டிரில் மாஸ்டர் கைக்குட்டையைக் கொடுத்து, இனிமேல் செஸ் ஆடு என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு மூக்கு எதற்கு? ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கேபிள் டிவியில் அமெரிக்க ஆட்டங்கள் வரும். வாயில் பிரஷ்ஷோடு நின்று பார்த்துப் பார்த்தே நான் நிபுணனாகிவிட்டேன். "அவனுவ ஓடுறதப் பாத்து இவனுக்கு மூச்சு வாங்குது" என்பாள் அம்மா.

ஆடினவள் என் தங்கை. சில்வியா, வீட்டில் சில்வி. நாங்கள் தலைநகரில் குடியேறிய திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அம்மா ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இது பல வருஷத்துக்கு முந்தின கதை; அப்பா அந்த வருஷம் போபாலுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேரும்தான். சில்வி பெண்கள் கல்லூரி ஒன்றில் இரண்டாம் வருஷம். டீமில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்து, யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற இடம் அவளுடையது. நான் மத்திய அரசு ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் என் கேஷுவல் லீவெல்லாம் அவள் ஆட்டங்களுக்கே போயிற்று. பல்வலி, பேங்க் வேலை, ஊரிலிருந்து வரும் சித்தப்பா என்று காரணங்கள் தீர்ந்துபோய், பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன்.

பெண்கள் கல்லூரி வாசலில் காவல்காரர் ஒவ்வொரு தடவையும் என்னை நிறுத்தி, யார் என்று கேட்பார். அண்ணன் என்பேன். தினமும் நூறு அண்ணன்கள் வருகிறார்கள் என்பார். சில்வி உள்ளேயிருந்து வந்து கையைக் காட்டினால்தான் விடுவார். அந்த மைதானத்தில் இடைவேளையில் ஆரஞ்சு சுளைகளில் கறுப்பு உப்புத் தூவிக் கொடுப்பார்கள். கூடவே, முழங்காலில் அடிக்கிற வலி ஸ்பிரேயின் காரமான நெடி. இன்றைக்கும் மெட்ரோவில் யாராவது அதை அடித்துக்கொண்டு ஏறினால் ஆட்டம் தொடங்கப்போகிற மாதிரி எழுந்து நின்றுவிடுவேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதி. பனி விலகத் தாமதமாகி, ஆட்டமும் தாமதமாகத்தான் தொடங்கியது. எதிர் அணி ஒன்றும் பெரிய அணி இல்லை. எங்கள் பக்கம் ஹர்லீன் இருந்தாள், நல்ல உயரம். கூடைக்கு அடியில் அவள் கையில் பந்து கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது எதிர் அணிக்கும் தெரிந்துவிட்டது. ஹர்லீனை இரண்டு பேர் சேர்ந்து மறித்தார்கள். அப்படி மறித்தால் நம் ஆள் ஒருத்தி சும்மா நிற்பாள் என்பது கணக்கு. நின்றாள். இடது மூலையில் ரேணு என்ற பெண் இரண்டு கையையும் தூக்கியபடி தனியாக நின்றாள். சில்வி அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பத் திரும்ப வலது பக்கமாகவே போனாள், கூட்டத்துக்குள்ளேயே பந்தைத் திணித்தாள். பந்து பறிபோனது. எனக்கு உட்கார முடியவில்லை. "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்திப் பார்த்தேன். பிறகு, "சில்வி, இந்தப் பக்கம் பாரு" என்று தமிழிலும் கத்தினேன். பக்கத்திலிருந்த பெண்கள் அது ஏதோ ரகசிய சங்கேதம் என்று நினைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தோற்றுப்போனோம்.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். வீட்டில் அம்மா செய்து வைத்திருந்த மீன் குழம்பைச் சூடு பண்ணினேன். எனக்குச் சாப்பாட்டைவிட ஆட்டம்தான் தொண்டையில் நின்றது. மேஜைமேல் நான்கு டம்ளரை வைத்து, நடுவில் ஊறுகாய் பாட்டிலை வைத்தேன். பாட்டில்தான் ஹர்லீன். எல்லாப் பந்தையும் பாட்டிலுக்கே கொடுத்தால் எப்படி என்று ஆரம்பித்தேன். கொடுத்தவர்கள் கொடுத்த இடத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கிறீர்கள், ஒருத்தியாவது உள்ளே வெட்டி ஓட வேண்டாமா, தூரத்திலிருந்து எறிவதற்கு ஏன் எல்லோரும் பயப்படுகிறீர்கள் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

"நீ ஒரு தடவையாவது அந்தக் கோர்ட்ல நின்னுருக்கியா? சும்மா உக்காந்து சமோசா தின்னுட்டு..." என்றாள் சில்வி.

நான் விடவில்லை. நீங்கள் ஆடியதெல்லாம் பாதி மைதானத்தில்தான், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டீர்கள் என்றேன். ரேணுவின் டம்ளரை எடுத்து, சில்விக்கு இடது பக்கமாக, மேஜையின் ஓரத்தில் வைத்தேன்.

"இங்கதான் நின்னா. ஏன் குடுக்கல?"

"எங்க?"

கேட்டுவிட்டு, டம்ளரைப் பார்ப்பதற்காக அவள் முகம் முழுவதையும் அந்தப் பக்கம் திருப்பினாள். கையெட்டும் தூரத்தில் இருக்கிற டம்ளருக்குக் கழுத்து அவ்வளவு திரும்ப வேண்டியதில்லை. எனக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

அம்மா டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாசல் பக்கம் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராக மேஜைக்கு வந்தாள்.

"ஏட்டி, வலது கண்ண மூடு."

சில்வி, தனக்குத் தூக்கம் வருகிறது, விடு என்று எழுந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அம்மாவின் குரல் உயரவில்லை. அது உயராதபோதுதான் எங்களுக்குப் பயம் வரும். சில்வி வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். அம்மா தன் விரல்களை அவளுடைய இடது காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். தெரிந்ததும் சொல் என்றாள். விரல் காதைத் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது. ஏறக்குறைய மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் சில்வி, தெரிகிறது என்றாள்.

"எத்தன நாளா?"

சில்வி அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிராக்டீஸில் யாரோ ஒருத்தியின் முழங்கை கண்ணில் இடித்ததாம். அன்றிலிருந்து இருட்டில் கண்ணோரத்தில் மின்னல் மாதிரி வெட்டுமாம். இந்த வாரம் இடது பக்கம் ஒரு கறுப்புத் திரை ஏறிக்கொண்டு வருகிறதாம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது, அதைப் பார்க்கப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள், அது முடிந்ததும் டாக்டரிடம் போய்விடலாம் என்றாள்.

"ப்ளீஸ்மா. ஒரே ஒரு மேட்ச்."

"மேட்சுக்குப் போனா அந்தக் கண்ணு திரும்பி வராது. எந்திரி."

அம்மா தன் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அதே ஆட்டோ ஸ்டாண்டுக்குத் திரும்பப் போனோம். சில்வி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வழி நெடுக அம்மா அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்து, குலுங்காமல் பிடித்துக்கொண்டே வந்தாள். டிரைவரிடம் பள்ளம் பார்த்து ஓட்டும்படி சொன்னாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்ள முயன்றேன். அது வார்டில் இருக்கும்போது வைத்துக்கொள்கிற முகம், அதில் எதையும் படிக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் இளவயதுப் பெண். மருந்து விட்டு, இருட்டு அறையில் வெகு நேரம் பார்த்தார். விழித்திரை ஓரத்தில் கிழிந்து பிரிந்துகொண்டிருக்கிறது, நடுப்பகுதி இன்னும் தப்பியிருக்கிறது என்றார். இன்னும் ஓரிரு நாள் ஓடிக் குதித்திருந்தால் அதுவும் போயிருக்கும், நாளைக் காலையிலேயே ஆபரேஷன் என்றார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டினாள். டம்ளர் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் அம்மாவைக் காட்டினேன்.

ஆபரேஷன் முடிந்ததும், விழித்திரை ஒட்டும்வரை சில்வி குப்புறப் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். நீ போய்ப் பார்த்துப் போனில் சொல் என்று என்னை விரட்டினாள். ஹர்லீனிடம் சொல்வதற்கு ஒரு செய்தியும் கொடுத்தாள்: இரண்டு பேர் வந்து மறித்தால் முட்டி மோதாதே, பந்தை வெளியே இடது மூலைக்கு எறி, ரேணு அங்கே இருப்பாள்.

மைதானத்தில் ஹர்லீன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, கட்டிய லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். செய்தியைச் சொன்னேன். அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. பிறகு குனிந்தபடியே கேட்டாள்.

"மேரி கோஹ்னி தீ நா?"

என் முழங்கைதானே என்று கேட்கிறாள். அதுவரை எனக்கு அது தெரியாது. சில்வி யார் பெயரையும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான். ஹர்லீன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.

முதல் பாதியில் அவள் தடுமாறியது கம்பிவேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. பிடிக்க வேண்டிய பந்துகள் விரலில் பட்டுத் தெறித்தன. யாராவது நெருங்கி வந்தால் முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டாள், இடித்துவிடுவோமோ என்று. நான் ஒரு கையில் போனும் மறு கையில் கம்பியுமாக நின்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் படுக்கையில் சில்வியின் காதருகே போனை அம்மா பிடித்திருந்தாள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் பாதியில் ஹர்லீன் கையில் பந்து போனதும் இரண்டு பேர் பாய்ந்தார்கள். அவள் ஒரு கணம் நின்று, பார்க்காமலே தலைக்குமேல் இடது மூலைக்கு எறிந்தாள். ரேணு நின்றிருந்தாள்.

"ரேணு போட்டா. உள்ள" என்றேன்.

"பால் ஹர்லீன்ட்ட இருந்தா வந்துச்சு?"

"ஆமா."

ரேணு மேலும் சில பந்துகளைப் போட்டாள். ஆனாலும் கடைசியில் ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றுப்போனோம். பல்கலைக்கழக அணிக்கு ரேணுவை எடுத்தார்கள். அதையும் போனில் சொன்னேன். "அவ ஷாட் எப்பவும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் சில்வி.

அன்று சாயங்காலம் ஹர்லீன் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சில்வியோ முகத்தைக் கட்டிலின் ஓரத்தில் கவிழ்த்து வைத்துப் படுத்திருந்தாள், தரையைத் தவிர எதையும் பார்க்க முடியாது. அவ்வளவு உயரமான பெண் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி, சில்வியின் கண்ணுக்கு நேராக அண்ணாந்து பார்த்தாள். அம்மா என்னை டீ வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, தானும் வெளியே வந்துவிட்டாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹர்லீன் மூக்கு சிவந்திருந்தது.

கண் பிழைத்துக்கொண்டது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கல், மற்றபடி படிக்கலாம், கார் ஓட்டலாம். பந்து மட்டும் கூடாது என்றுவிட்டார்கள். சில்வி தன் ஷூவை டீமுக்குப் புதிதாக வந்த யாருக்கோ கொடுத்துவிட்டு, ஒழுங்காகப் படித்து, பேங்க் வேலையில் சேர்ந்து, இப்போது புனேவில் இருக்கிறாள். ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள், எங்கள் வீடு இருந்த இடத்தை அடையாளம் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கல்லூரி மைதானத்துக்குக் கூரை வந்துவிட்டது, தரையில் நீல ரப்பர். ஹர்லீன் கனடாவில்.

ஆனால் எனக்கு நிஜமாகவே இல்லாமல் போனது வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சில்வி என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். முதலில் உடம்பு சரியில்லாததால் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. தன் கண்ணைக் காப்பாற்றியவன் என்று எனக்கு ஒரு மரியாதை கொடுத்துவிட்டாள். நான் என்ன உளறினாலும் கேட்டுக்கொள்கிறாள். எவ்வளவோ சீண்டிப் பார்த்துவிட்டேன். போன மாதம்கூட, டிவியில் பார்த்த ஏதோ ஓர் ஆட்டத்தைப் பற்றிப் போனில் வேண்டுமென்றே தப்புத் தப்பாக அளந்தேன். தோற்ற அணியின் பெரிய பலமே அவர்களுடைய தாக்குதல்தான் என்றேன். சமோசா தின்னி, வாயை மூடு என்று எங்கேயாவது ஒரு வார்த்தை வராதா என்று காத்திருந்தேன்.

"சரிண்ணே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.