பதினான்காம் கட்டில்

மருத்துவமனையின் கணினிப் பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு பெண்மணி. மூன்றில் விசிறிக்குத்தான் சத்தம் அதிகம். எதையும் எண்ணி எண்ணிப் பேசுவதால் அவளுக்குத் ‘தந்தி’ என்று பெயர் வைத்தவர் மாமனார். அவர் வாயாடி. வீட்டில் யாராவது பதில் பேச வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

அவள் எழுதும் நிரலும் அவளைப் போலத்தான். அனுமதிப் பிரிவுக் குமாஸ்தா திரையில் ஒரு கட்டிலைத் தொட்டால், இணையப் பக்கம் முழுவதும் அழிந்து மறுபடி வராது. பக்கத்து அறை ஆளைக் கூப்பிடுவதுபோல் சர்வரை ஒரே வரியில் கூப்பிடும்: ‘கட்டில்நிலை, 14’. ‘ஆள் உண்டு’ அல்லது ‘காலி’ என்று பதில் வரும். குசலம் விசாரிப்பு கிடையாது.

சர்வர் வாய் திறக்காவிட்டால் ‘தெரியவில்லை’ என்று காட்டும்படிதான் முதலில் எழுதியிருந்தாள். நிர்வாகி முகம் சுளித்தார்.

“ஆஸ்பத்திரிக்கே தெரியலைன்னு போட்டா நல்லாவாம்மா இருக்கு? ரெண்டுல ஒண்ணைச் சொல்லச் சொல்லு.”

மூன்று நொடியில் பதில் வராவிட்டால் ‘காலி’ என்று காட்டும்படி மாற்றினாள். மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு நாலு வாக்கியமாவது வேண்டும்.

ஆறு வருஷம் ஒரு குறையும் இல்லை. ஏழாம் வருஷம், நுரையீரலில் நீர் கோத்து மாமனாரே பதினான்காம் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். ஒரு மதியம் அவரை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தால் அந்தக் கட்டிலில் வேறொருவர், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு. எழுப்ப முடியாது.

மாமனார் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். பக்கத்திலிருந்த சிலிண்டரின் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

“காலின்னு காட்டுச்சு மேடம்,” என்றார் குமாஸ்தா. “இப்ப வார்டு முழுக்கக் காலிங்குது. நான் எதை நம்புறது?” சர்வர் மதியமே வாயை மூடியிருந்தது.

“யாரும்மா இதை எழுதினது?” என்றார் மாமனார், மூச்சு வாங்கியபடி.

“நான்தான் மாமா.”

“அதானே. ஒரே வார்த்தையில என்னைக் காலி பண்ணிட்டியே.”

அவள் குமாஸ்தாவைப் பார்த்தாள். “எந்திரிச்சுப் போய் ஒவ்வொரு கட்டிலாப் பாருங்க.”

அவர் பதவியேற்ற நாளிலிருந்து அந்த வார்டுக்குள் நடந்ததில்லை. கடைசி மூலையில், பத்தொன்பதாம் கட்டிலில் விரிப்பு மாற்றி வைத்திருந்தது. மாமனாரை அங்கே மாற்றும்போது சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.

சாயங்காலம் நிர்வாகியின் அறைக்குப் போனாள். நாலு வாக்கியம் பேசினாள். பதினொன்று என்று வெளியே நின்ற பியூன் சொல்லிக்கொண்டு திரிந்தான். ‘தெரியவில்லை’ மறுபடி இணையப் பக்கத்தில் ஏறியது.

மாமனார் எட்டு நாள் அதே கட்டிலில் வாயாடினார். ஒன்பதாம் நாள் விடியலில் மூச்சு நின்றது.

அவரை எடுத்துச் சென்ற பிறகு, தந்தி தன் மேசைக்கு வந்து பத்தொன்பதைத் தொட்டாள். ஒரு நொடிக்குள் சர்வர் பதில் சொன்னது.

‘காலி.’

இந்த முறை அது சரியான பதில்.