கண்ணே மணியே என்றொரு திருத்தம்

கல்லூரியில் அவருக்குத் 'தளை டீச்சர்' என்று பெயர். யாப்பிலக்கணம் நடத்துவார். சீருக்கும் சீருக்கும் நடுவில் உள்ள கட்டு, அதாவது தளை, எங்கே பிசகினாலும் அவர் காது கண்டுபிடித்துவிடும். கல்யாண வாழ்த்து வெண்பாவைக்கூட விடமாட்டார். "மூணாவது சீர் நொண்டுதுப்பா" என்பார்.

பழைய வெண்பாத் தொகுப்பு ஒன்றைப் பதிப்பிக்கும் வேலை அவரிடம் வந்தது. அதில் மகனைப் பறிகொடுத்த தாயின் புலம்பல் ஒன்று. எதுகை கணீரென்று விழுந்தது. ஈற்றடி மூன்று சீரில் கச்சிதமாக முடிந்தது. மூன்றாம் அடியில் மட்டும் 'கண்ணே கண்ணே' என்றிருந்தது. 'கண்ணே' என்ற மாச்சீரை அடுத்து நிரையசையில் தொடங்கும் சொல் வரவேண்டும். மறுபடி வந்த 'கண்ணே'யோ நேரசையில் தொடங்கித் தளையை உடைத்தது. கிடைத்த சுவடிகள் எல்லாவற்றிலும் அதே சொல்தான், அதே பாடம்தான்.

"ஏடெழுதினவன் தூங்கிட்டான்" என்று சிரித்தபடி, 'கண்ணே மணியே' என்று மாற்றினார். தளை சரியாகிவிட்டது. அடிக்குறிப்புக்கூடப் போடவில்லை. புத்தகம் பாடநூலாயிற்று.

மறு ஆண்டு அவர் தங்கையின் மகன் சாலை விபத்தில் இறந்தான். டீச்சர் தூக்கி வளர்த்த பிள்ளை. மருத்துவமனை வராந்தாவில் தங்கை சுவரோடு சாய்ந்து, "தங்கம்... தங்கம்..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு சொல்லே வரவில்லை.

"ஒரு வாய் தண்ணி குடிடீ" என்று டம்ளரை நீட்டிய டீச்சருக்கு அந்த மூன்றாம் அடி நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் போய் அது நினைவுக்கு வந்ததே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சில வாரம் கழித்துப் பதிப்பாளரைப் பார்த்தார்.

"பாடினவருக்குத் தளை தெரியாம இல்லைங்க. பெத்தவ இன்னொரு வார்த்தை தேடுற நிலையில இல்லைன்னு தெரிஞ்சேதான் உடைச்சிருக்காரு. நான் ஒட்டவெச்சுட்டேன்."

"இப்ப எல்லாரும் உங்க பாடத்தைத்தானே போடுறாங்க, டீச்சர். அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்."

அடுத்த பதிப்பு வரவே இல்லை. டீச்சர் வகுப்பில் மட்டும் பழைய 'கண்ணே கண்ணே' பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார். அதை நம்பித் தேர்வில் எழுதிய ஒரு மாணவிக்கு மதிப்பெண் போயிற்று. விடைத்தாளில் யாரோ சிவப்பு மையில் 'தளை தட்டுகிறது' என்று எழுதியிருந்தார்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?" என்றாள் அவள்.

"ஆமாம்மா. ரெண்டையும் நான்தான் சொன்னேன்."

தங்கையிடம் இதையெல்லாம் டீச்சர் பேசியதில்லை. விடுமுறை நாளில் போவார். துவைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்.