நாற்காலி கேட்ட பாட்டு

என் பாட்டு நாட்டுப்புறப் பாட்டாம். யாரோ போட்ட வீடியோவில் கேட்டுவிட்டு மயிலாப்பூரிலிருந்து தேடி வந்த பாடகியம்மா அப்படித்தான் சொன்னார். சபா மேடையில் பாடப் போகிறாராம். பாடுவதற்கு முன்னால் அது பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமாம்.

"நாத்து நடறச்சே பாடினதா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள் நான். நாற்று எந்தப் பக்கம் முளைக்கும் என்றுகூடத் தெரியாது.

"அதெல்லாம் இல்லம்மா. தி.நகர் ஜவுளிக் கடை, ரெண்டாவது மாடி, பொடவ செக்சன்" என்றேன்.

பதினோரு வருஷம் அங்கே நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதே சரி. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை உட்காரக் கூடாது. ஒரு ஆடித் தள்ளுபடியில் ஒரு அம்மா எழுபது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, எதுவும் பிடிக்கவில்லை என்று எழுந்து போனார். நாற்காலி அவருக்கு மட்டும்தான். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பிரித்ததையெல்லாம் உதறி, மடித்து, தட்டித் தட்டி அடுக்கினோம். அந்தத் தாளத்துக்கே வாயில் வந்தது:

எழுபது பொடவ பிரிச்சாச்சு, எதுவும் புடிக்கல போயாச்சு,
காலு ரெண்டும் வீங்கிப்போச்சு, நாற்காலி போடு அண்ணாச்சி!

பக்கத்தில் நின்றவள் பிடித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் மாடி முழுக்க அதே பாட்டு. முதலாளி அண்ணாச்சி காதுக்கும் போனது. மறுநாள் எனக்கு வேலை இல்லை. பாட்டை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை.

பாடகியம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கொஞ்சம் இழுத்தார். "அந்தக் கடைசி வரிய மட்டும் மாத்திக்கலாமா? கச்சேரிக்குப் பணம் தர்றதே ஒரு ஜவுளிக் கடைதான். அவா தப்பா எடுத்துப்பா."

"எடுத்துக்கட்டும்."

"இப்பதான் உக்காரலாம்னு சட்டமே வந்துடுத்தே!"

வந்தது. ஸ்டூலும் போட்டார்கள். போன வாரம் அதே மாடிக்குப் புடவை வாங்கப் போனேன். என்னைக் கண்டதும் கவுண்டரில் இருந்த பெண் பதறி எழுந்தாள். "உக்காந்துக்கினே காட்டும்மா, எனக்கு இன்னா அவசரம்" என்றேன். அவள் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தாள். நான் பில் போடும்வரை நின்றுகொண்டேதான் இருந்தாள்.

இதைப் பாடகியம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போதே குரல் ஏறிவிட்டது.

"அந்தப் பொண்ணு பயமில்லாம உக்காரட்டும். அப்பால அந்த வரிய நானே எடுத்துட்றேன்."