பாட்டுக்காரரின் தொண்டையை நான் சுத்தம் செய்தது

திரையில் முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அது சிரிக்க வேண்டிய பாட்டு இல்லை. அதைப் பாடிய முனிரத்தினம் முன்வரிசையில், கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பை வரவழைத்தவன் நான். புத்தூரில் அன்று நான் பட்ட வெட்கத்தை, எடிட்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். யாரும் எனக்காகப் பரிதாபப்பட வேண்டாம்.

1. கல்யாண வீடியோக்காரனின் காது

திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் நான் எடிட்டர். ஓனர் பாஸ்கர் அண்ணன். டிவிடி விற்றுக்கொண்டிருந்த கடைசி வருஷங்கள் அவை. எங்களுக்குச் சோறு போட்டது கல்யாண வீடியோதான்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மண்டபத்தில் கேமரா பிடித்த சத்தத்தை அப்படியே யாரும் வைக்க மாட்டோம். ஜெனரேட்டர் உறுமுவது, பாத்திரம் விழுவது, "பொண்ணுக்கு இன்னா போட்டாங்களாம்?" என்று அத்தைமார்கள் விசாரிப்பது எல்லாம் அதில் இருக்கும். அதை மொத்தமாகத் தூக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் நாதஸ்வரத்தைப் போடுவோம். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளமும் எங்கள் ஸ்டாக்கில் இருந்துதான் வரும். என் கல்யாணத்து மேளம் எங்கே என்று கேட்டு எந்த மாப்பிள்ளையும் ஸ்டுடியோ படியேறியதில்லை. இதையே செய்து செய்து, சத்தம் என்றால் என் காதுக்கு இரண்டே வகைதான் என்று ஆகிவிட்டது. ஒன்று க்ளீன், இன்னொன்று டேமேஜ்.

முனிரத்தினம் நகரிக்காரர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, ஆர்மோனியம் வாசித்துப் பாடுவார். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும் பாட்டுகள். பவர்லூம் ஓட்டுகிறவனின் முதுகுவலிக்கும் அவரிடம் பாட்டு உண்டு, மாமியார் வீட்டுக்கு முதல் தடவை போகிறவனின் பயத்துக்கும் உண்டு. கேசட் காலத்தில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் அவர் குரல் கேட்காத டீக்கடை கிடையாது.

அவர் மனைவி சரோஜம்மா ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"அவருக்குத் தொண்டையில கட்டி கீதுப்பா. வேலூர்ல ஆபரேஷன் பண்ணணும்னுட்டாங்க. அப்பால பேச்சே வராதாம். அதுக்கு முன்ன திருப்பதில ஒரு கச்சேரி வெக்கிறாரு. நீங்க வீடியோ புடிச்சி டிவிடி போட்டுக் குடுங்க. நாங்க வூட்ல வெச்சிக்கினு கேட்டுக்குவோம். அவரு பாட்டுன்னா உசுரா இருக்கறவங்களும் வாங்கிக்குவாங்க."

கேட்டுக்குவோம் என்றுதான் சொன்னார். நான் லைட் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

2. தொண்டைக்கு லீவு

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. உட்கார இடமில்லாமல் சுவர் ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். முனிரத்தினம் பழைய பாட்டுகளை மிகவும் கீழே இறக்கி, மெதுவாகப் பாடினார். நடுநடுவே இருமினார். வெந்நீர் குடித்தார். ஒரு பாட்டில் வரியை முடிக்க முடியாமல் நிறுத்திவிட்டு, "மன்னிச்சிக்கோங்க, தொண்டை லீவு கேட்டுக்கினே கீது. நான் குடுக்கல" என்றார். கூட்டம் சிரித்தது. "பாடு நைனா!" என்று ஒருவர் கத்தினார். அவர் விட்ட வரியை ஜனங்களே பாடி முடித்தார்கள். சரோஜம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எடிட்டிங்கில் வெட்டி எறிய வேண்டிய இடங்கள் என்று ஒவ்வொன்றையும் நான்தான் குறித்து வைத்தேன். கச்சேரி முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கேமரா பக்கத்தில் நின்றேன். ஆனால் சத்த அளவு காட்டும் மீட்டர் சிவப்புக்குப் போகிறதா என்று பார்த்ததோடு சரி.

எடிட் செய்யக் கம்ப்யூட்டர் டைம்லைனில் போட்டதும் பாஸ்கர் அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணா, ஒரே கரகரப்பு. இருமல் வேற. இத எப்டி விக்கிறது?"

அவர் கொஞ்ச நேரம் கேட்டார். "பாவம்டா, பெரியவரு. அவரு பழைய கேசட்டு எங்கனா கெடைக்குதா பாரு. அத வெச்சி சிங்க் பண்ணிடு. ஜனங்க நல்லதா கேக்கட்டும்."

நல்லது செய்வதாகத்தான் இரண்டு பேரும் நினைத்தோம். கேசட் கிடைத்தது. இளம் வயதுக் குரல், மணி மாதிரி இருந்தது. அதை இழுத்து, சுருக்கி, வீடியோவின் வேகத்தையும் மாற்றி, வரிவரியாக அவர் உதட்டில் பொருத்தினேன். ஒட்டாத இடத்தில் ஆர்மோனிய விரல்களையும் கூட்டத்தையும் போட்டு மறைத்தேன். இரண்டு வாரம் அதே வேலை. முடிந்ததும் பாஸ்கர் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். "திருப்பதில எவன்டா இப்டி சிங்க் பண்ணுவான்!" என்று முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து முகூர்த்த சீசன். மெமரி கார்டுகளை ஃபார்மெட் செய்து கல்யாணங்களுக்குக் கொண்டுபோனோம். ஹார்ட் டிஸ்கில் இடம் போதாமல், வேண்டாத ஆடியோ என்று அவர் கச்சேரியில் பாடிய சத்தத்தையும் நான் அழித்தேன்.

3. வெளியீடு

ஆபரேஷன் முடிந்து, அவர் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்தார்கள். பெரிய திரையில் டிவிடியைப் போட்டார்கள். என் கம்ப்யூட்டரில் சின்னதாகத் தெரிந்தபோது ஒட்டிய உதடு, அந்தத் திரையில் ஒட்டவில்லை. அதைவிட மோசம், நரைத்த தலையிலிருந்து இருபத்தைந்து வயதுக் குரல் வந்தது.

பின்னாலிருந்து ஒருவர், "இன்னாடா இது, கெய்வன் வாய்ல வாலிபன் பாட்றான்!" என்றார். அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

முனிரத்தினம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. திரையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். கையைத் துண்டின் மேல், தொண்டைப் பக்கம் வைத்துக்கொண்டார். சரோஜம்மா எழுந்து படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, அவரு அன்னிக்கிப் பாடின கொரல் எங்க?"

"அது சரியா வரலம்மா. அதான் நல்லதா ஒண்ணு போட்டு..."

"சரியில்லன்னு யாரு சொன்னா? நாங்க சொன்னமா? சரே, அந்த ஒரிஜினல குடு. அது போதும்."

"கார்டெல்லாம் ஃபார்மெட் பண்ணிட்டோம்மா."

"அப்டின்னா?"

மண்டபமே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அழிச்சிட்டோம்" என்றேன்.

"ஒண்ண டாக்டரு எடுத்துக்கினாரு. மிச்சத்த நீ எடுத்துக்கினியா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பாஸ்கர் அண்ணன் எல்லார் முன்னாலும் கைகூப்பினார்.

அழிந்ததை மீட்கும் சாப்ட்வேர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். வந்தது யாருடைய கல்யாணத்திலோ இலை போடும் காட்சி. செல்போனில் எடுத்திருப்பார்கள் என்று கச்சேரிக்கு வந்தவர்களைத் தேடி ஊர் ஊராகப் போனேன். கிடைத்ததெல்லாம் கைதட்டலும் முன்னால் நின்றவரின் பிடரியும்தான்.

4. சத்தம் இல்லாத டிவி

மன்னிப்புக் கேட்க நகரிக்குப் போனேன். போவதற்கே பல நாள் ஆனது, அவ்வளவு கூச்சம். அந்த வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் எடிட் செய்த அதே டிவிடி. சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தார்கள். முனிரத்தினம் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சரோஜம்மாவும், கச்சேரிக்கு வந்திருந்த எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும்.

பெரிய பேச்சாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். "தப்பு பண்ணிட்டேன் ஐயா" என்று மட்டும் சொன்னேன். அவர் உட்காரு என்று பாயைக் காட்டினார்.

"சவுண்டு வெக்கலியாம்மா?" என்று சரோஜம்மாவிடம் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"நீ வெச்சத இன்னாத்துக்குக் கேக்கறது? அன்னிக்கி அவரு பாடினது எங்க காதுலயே கீது. அது போதும்னு கையக் காட்டிட்டாரு" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு சத்தத்தை டேமேஜ் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், மீட்டரைப் பார்க்காமல் ஒருதடவை உட்கார்ந்து கேளுங்கள். அது யாருக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். கேட்டால் குறைந்து போய்விட மாட்டோம்.

அன்று டிவியில் கச்சேரி முடியும்வரை நான் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் சரோஜம்மாவின் தலை ஆடியது. தொண்டை லீவு கேட்ட இடத்தை நான் வெட்டியிருந்தேன். ஆனாலும் அந்த இடம் வந்ததும் அந்தப் பெண்கள் சிரித்தார்கள், முனிரத்தினமும் சிரித்தார். நானும் அந்தக் குரலை நினைவுபடுத்திக்கொள்ள முயன்றேன். ஒரு வரிகூட வரவில்லை. இரண்டு வாரம் அதைக் கையில் வைத்திருந்தவன் நான். அந்த அறையில் அதைக் கேட்காதவனும் நான் ஒருவன்தான்.